குப்பை வண்டியில் வருபவரின் பெயர் என்ன?



ஒன்றரை மாதமாக எமது பாடசாலைப் பிள்ளைகள் சிலர் கையில் சின்னக் கொப்பியோடு ஒழுங்கை முனைகளிலும் சந்தைப் பக்கத்திலும் பள்ளிவாசல் ஹவுலடியிலும் நின்றதைப் பலர் கண்டிருப்பீர்கள். சபை கணக்கெடுப்புச் செய்கிறதா என்று சிலர் கேட்டார்கள். ஏதாவது தொண்டு நிறுவனம் காசு கொடுத்திருக்கிறதா என்றும் ஒருவர் கேட்டார். தரம் 9 பிள்ளைகளின் வாப்பா ஒருவர் நேரே வந்தே கேட்டுவிட்டார்: "சேர், சித்திரப் பாடமெண்டு சொல்லிப்போட்டு புள்ளயள குப்பை அள்ளுறவங்களுக்குப் பின்னால ஏன் அனுப்புறீங்க?"

நியாயமான கேள்வி. அவருக்கு வாயால் சொன்ன பதிலை ஊருக்கும் எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறோம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில், இது சித்திரப் பாடம்தான். வேறு ஒன்றுமில்லை. இதன் தொடக்கம் நியூயோர்க்கில் இருக்கும் மியர்லி லாடர்மன் யூக்கலீஸ் என்ற ஓவியக்காரி. ஓவியக்காரி என்று எழுதினாலும் அவர் பேர் வாங்கியது தூரிகையால் அல்ல. 1979 ஜூலையில் தொடங்கி 1980 ஜூன் வரை, ஏறக்குறைய பதினொரு மாதம், அந்த நகரத்தின் 59 துப்புரவுப் பிரிவுகளுக்கும் போய், அங்கு வேலை செய்த சுமார் 8,500 தொழிலாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தார். ஒவ்வொருவருக்கும் நேரே நின்று கை கொடுத்தார். நியூயோர்க் நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்காக நன்றி என்று சொன்னார். எல்லோருக்கும் அதே வசனம், அதே கைகுலுக்கல். ஒருவரையும் விடுவதில்லை என்பது விதி. அந்த வேலைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'துப்புரவைத் தொடுதல்' என்று வரும்.

இதில் கலை எங்கே இருக்கிறது? எமது பிள்ளைகளும் முதலில் இதைத்தான் கேட்டார்கள். கலாசாலையில் படித்த காலத்தில் இந்தக் கதையை முதன்முதல் கேட்டபோது எமக்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது. அங்கே நிறக்கோட்பாடு படித்தோம், சமநிலை படித்தோம், சிகிரியாவும் தெகல்தொருவையும் படித்தோம். கை கொடுப்பதைப் பாடப் புத்தகத்தில் எங்கே சேர்ப்பது?

பதில் அவரது வாழ்க்கையில் இருக்கிறது. யூக்கலீஸ் சிற்பம் படித்துக்கொண்டிருந்தபோது கர்ப்பமானார். அதைக் கண்ட அவரது ஆசிரியர், இனி நீ கலைஞியாக இருக்க முடியாது என்ற கருத்தில் ஏதோ சொன்னாராம். குழந்தை பிறந்த பிறகு அவருடைய நாள் முழுக்கக் கழுவுவதிலும் துடைப்பதிலும் ஊட்டுவதிலும் போனது. கலை செய்ய நேரமே இல்லை. 1969 இல் ஒரு நாள் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதினார். உலகத்தில் இரண்டு வகையான வேலைகள் இருக்கின்றன, ஒன்று புதியதை உருவாக்குவது, மற்றது இருப்பதைப் பேணுவது; முதலாவதைச் செய்பவனுக்குப் புகழ், இரண்டாவதைச் செய்பவளுக்கு ஒன்றுமில்லை என்றார். எவ்வளவு பெரிய மாற்றம் நாட்டில் வந்தாலும் அடுத்த திங்கட்கிழமை குப்பையை எடுக்கப்போவது யார் என்றும் கேட்டார். பிறகு ஒரு முடிவு எடுத்தார். கலைஞி தானே என்றால், தான் செய்வதுதானே கலை? அப்படியென்றால் வீட்டைக் கழுவுவதும் கலைதான்.

சட்டத்தரணியின் வாதம் போல இருக்கிறதல்லவா? ஆனால் அவர் அதை வாதமாக விடவில்லை. 1973 இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்திலுள்ள ஓர் அரும்பொருட் காட்சியகத்தின் வாசற்படிகளை மணிக்கணக்காகக் குனிந்தும் முழந்தாளிட்டும் கழுவினார். அதே இடத்தில் இன்னொன்றும் செய்தார். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அதுதான். அங்கே எகிப்தின் பழைய உடல் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அந்தக் கண்ணாடியை வழக்கமாகத் துடைப்பவர் அங்குள்ள துப்புரவுத் தொழிலாளி. அவர் துடைத்தால் அது துப்புரவு. அடுத்ததாக யூக்கலீஸ் அதே கண்ணாடியைத் துடைத்து, இது கலைப்படைப்பு என்று முத்திரை குத்தினார். கலைப்படைப்பு ஆகிவிட்டால் அதைத் தொடும் உரிமை தொழிலாளிக்கு இல்லை. இனி அதைப் படித்துப் பட்டம் பெற்ற பாதுகாப்பு அலுவலர்தான் துடைக்கவேண்டும். அவரும் வந்து துடைத்தார்.

துடைக்கப்பட்ட கண்ணாடி ஒன்றேதான். மூன்று பேரின் கை அசைந்ததும் ஒரே விதமாகத்தான். ஆனால் மரியாதை மூன்று விதம்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லிவிட்டு, அதிபரின் அறைக்கு வெளியே உள்ள கிண்ண அலுமாரியைக் காட்டினோம். விளையாட்டுப் போட்டியில் வென்ற கிண்ணங்கள் இருக்கும் கண்ணாடி அலுமாரி. அதைத் தினமும் துடைப்பவர் யார் என்று கேட்டோம். "கூட்டுற மாமி" என்றார்கள். அவருடைய பெயர் என்ன? முப்பத்தியொரு பிள்ளைகள். நான்கு வருடமாக அதே பாடசாலையில் படிக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. கிண்ணங்களில் பொறித்திருக்கும் பெயர்கள் எல்லாம் தெரியும், 1990களில் ஓடியவர்களின் பெயர் உட்பட.

அந்த அலுமாரிக்கு முன்னால்தான் எமது வேலை தொடங்கியது.

விதியை வைத்துக் கலை செய்வது யூக்கலீஸ் மட்டும் செய்த காரியமல்ல. தாய்வானிலிருந்து நியூயோர்க் போன டெஹ்சிங் ஷே என்பவர் 1980 ஏப்ரலிலிருந்து 1981 ஏப்ரல் வரை, ஒரு வருடம் முழுக்க, இரவு பகல் பாராமல் மணிக்கொரு தடவை தொழிற்சாலைகளில் வரவு பதியும் மணிக்கூட்டு இயந்திரத்தில் அட்டையை அடித்தார். 8,760 தடவைகளில் 133 மட்டுமே தவறின. அவர் ஒவ்வொரு வேலையையும் தொடங்குமுன் விதியைத் தாளில் எழுதிக் கையொப்பம் இடுவார். அந்தப் பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். மற்றதெல்லாம் யூக்கலீஸிடமிருந்துதான்.

எமது விதிகளைப் பிள்ளைகளே பேசித் தீர்மானித்தார்கள். இரண்டு பாடவேளை முழுக்கச் சண்டை பிடித்து முடிவெடுத்தது. நாற்பது நாள். எமக்காகத் துப்புரவு செய்யும் ஒருவரை ஒவ்வொரு பிள்ளையும் கண்டுபிடித்து, முந்திக்கொண்டு சலாம் சொல்லவேண்டும், அல்லது வணக்கம் சொல்லவேண்டும். பெயரைக் கேட்கவேண்டும். அவர் செய்த குறிப்பான ஒரு வேலைக்கு நன்றி சொல்லவேண்டும். சும்மா "நன்றி" என்றால் செல்லாது, "எங்கட ஒழுங்கைக் கானைத் துப்புரவாக்கினதுக்கு" என்று சொல்லவேண்டும். அன்று பின்னேரம் கொப்பியில் ஒரேயொரு வரி எழுதவேண்டும். மறுமுறை காணும்போது பெயர் சொல்லித்தான் அழைக்கவேண்டும். எதையும் கொடுக்கக்கூடாது: காசோ, உணவுப் பொதியோ, பழைய உடுப்போ. வேலையை மறிக்கக்கூடாது. கடைசி விதி, படம் எடுக்கக்கூடாது.

பெயர் சொல்லி அழைப்பதில் முதலாம் நாளே சிக்கல் வந்தது. பதினான்கு வயதுப் பிள்ளை ஐம்பது வயது மனிதரை வெறும் பெயரால் எப்படி அழைப்பது? உம்மா அடிப்பா. அதனால் பெயருக்குப் பின்னால் முறையும் சேரவேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. காக்கா, மாமா, ராத்தா, மாமி, அவர் தமிழர் என்றால் அண்ணன், அக்கா. நியூயோர்க்கில் இந்தப் பிரச்சினை இருந்திருக்காது. ஆனால் பெயரோடு முறை சேர்ந்தவுடன் என்ன நடந்தது தெரியுமா? "குப்பை வண்டிக்காரன்" என்று இருந்தவர் ஒரு பிள்ளைக்கு மாமாவாகிவிட்டார். மாமா வெயிலில் நின்றால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவேண்டி வரும். "எதையும் கொடுக்கக்கூடாது" என்ற விதியில் தண்ணீரும் அடங்குமா என்று அன்று வகுப்பில் பெரிய விவாதம். தண்ணீர் அடங்காது என்று தீர்ப்பானது.

கை கொடுப்பது இன்னொரு சிக்கல். "அவ யூதப் பொம்பிளதானே?" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். ஆம், ஒரு ரப்பியின் மகள், மார்க்கப் பற்றுள்ள வீட்டில் வளர்ந்தவர். அந்தச் சமயத்திலும் அந்நிய ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்வது பற்றிய கேள்விகள் உண்டு. அவர் தனது முடிவை எடுத்து 8,500 பேருக்குக் கை கொடுத்தார். எமது பிள்ளைகள் எமது முடிவை எடுத்தார்கள். ஆண் பிள்ளைகள் ஆண்களோடு முஸாபஹா செய்வது, பெண் பிள்ளைகள் பெண்களோடு. மற்றபடி சலாமும் நன்றியும் போதும். இன்னொருவரின் விதியை எடுப்பது தைத்த சட்டையை வாங்குவது போலத்தான், தோளைப் பிரித்துத் திரும்பத் தைக்காமல் போட முடியாது.

ஆனால் அந்தக் கையை விட்டிருந்தால் முக்கியமான ஒன்றைக் காணாமலே போயிருப்போம். பெரும்பாலானவர்கள் கையைத் தரவில்லை. பின்னால் இழுத்தார்கள். "கை ஊத்தையாக் கிடக்கு மகன்" என்றார் ஒருவர். இன்னொருவர் சாறத்தில் இரண்டு தரம் துடைத்துவிட்டு, பிறகும் தராமல் நெஞ்சில் வைத்துக்கொண்டார். வேறொருவர் விரல் நுனியை மட்டும் நீட்டினார். பிள்ளைகள் கொப்பியில் எழுதிய வரிகளில் கிட்டத்தட்ட அரைவாசி கை பற்றியவைதான். ஒரு மாணவன் எழுதியிருக்கிறான்: "நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், அவர் என் கையைப் பார்த்தார், எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் விதி இருந்ததால் எடுக்கவில்லை." வயசும் வெட்கமும் கையை மடக்கச் சொல்லும் இடத்தில் தாளில் எழுதிய விதி பிடித்து நிறுத்துகிறது. விதி வைத்துக் கலை செய்பவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு அந்த மாணவனின் வரியை விட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் நாங்கள் காணவில்லை.

படம் எடுக்கக்கூடாது என்ற விதி பற்றியும் கொஞ்சம் கதைக்கவேண்டும். இதில் யூக்கலீஸிடமிருந்து விலகுகிறோம். அவரது வேலையைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அந்தப் படங்கள் இல்லாவிட்டால் எமக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் எமது ஊரின் நோய் வேறு. நோன்பு மாதம் வந்தால் ஒரு மூட்டை உலர் உணவைப் பதினொரு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்கும் படங்களால் முகநூல் நிரம்பிவிடும். வாங்குபவர் மட்டும் கமராவைப் பாராமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொடுப்பவர்கள் யார் என்று பெயரோடு எழுதியிருக்கும், வாங்குபவர் "பயனாளி". நாங்களும் அந்த வரிசையில் போய் நின்று "துப்புரவுத் தொழிலாளியை மாணவர்கள் கௌரவித்த போது" என்று போட்டிருந்தால் ஆயிரம் லைக் வந்திருக்கும். அவர் அடுத்த நாள் வேலைக்கு வரும்போது ஊர் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

இந்தப் பதிவில் ஒருவரின் பெயரும் இல்லாதது இதனால்தான். பெயரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டுப் பெயரைச் சொல்லாமல் விடுவது வேடிக்கையாகப் படலாம். அவர்கள் பெயரைப் பிள்ளைகளுக்குத்தான் சொன்னார்கள், முகநூலுக்கு அல்ல.

ஓர் இலாபத்தையும் இங்கே சொல்லிவிடுகிறோம். சித்திர ஆசிரியராக எமது ஊரில் வேலை செய்பவர்களுக்கு உருவம் வரையலாமா, கூடாதா, கண் வைக்கலாமா என்ற வாதம் ஒவ்வொரு தவணையும் வரும். முப்பத்தியொரு பிள்ளைகள் நாற்பது நாள் செய்த இந்த வேலையில் ஒரு முகமும் வரையப்படவில்லை. ஃபத்வா கேட்க ஒருவரும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளைகள் கண்டுவந்தவற்றில் சிலதை ஊர் கேட்கவேண்டும். உழவு இயந்திரத்தின் பெட்டியில் நின்று குப்பையை மிதிப்பவரின் உள்ளங்காலில் தையல் போட்ட இடம் இரண்டு இருக்கிறது. இரண்டுமே வீட்டுக் குப்பைப் பையில் இருந்த உடைந்த கண்ணாடி. சொப்பின் பேக்கில் கட்டாமல் வீசப்படும் பம்பர்ஸ்தான் தங்களுக்கு மிகப் பெரிய தொல்லை என்று மூவரும் சொல்லியிருக்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் வண்டி எப்படி மணக்கும், அதற்குள் நின்றுகொண்டு எப்படிச் சோறு தின்பது என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். பள்ளிவாசல் மலசலகூடத்தைக் கழுவும் பெரியவருக்கு இகாமத் சொல்லும்போது கையில் தண்ணீர்க் குழாய் இருக்கும். அவர் வுழூச் செய்து வந்து சேர்வது எப்போதும் கடைசி ஸஃப்புக்குத்தான். இத்தனை வருடம் அவரைக் கடைசி ஸஃப்பில் கண்டிருக்கிறோம், ஏன் பிந்துகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. வீதி கூட்டும் ஒரு தமிழ் அக்கா பெண் பிள்ளை ஒருத்தியிடம், "என்னை யாரும் வேலைக்குக் குறை சொல்லச் சொல்லி அனுப்பினாங்களா மகள்?" என்று பயந்து கேட்டிருக்கிறார். பிள்ளை அழுதுவிட்டது. நன்றி சொல்லப் போனவளை வேவு பார்க்க வந்தவள் என்று நினைக்கும் அளவுக்கு நன்றி அவருக்குப் பழக்கமில்லை.

எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள் என்று நினைக்காதீர்கள். "நன்றி கிடக்கட்டும், உங்கட உம்மாக்கிட்டச் சொல்லி பேக்க ஒழுங்காக் கட்டச் சொல்லு" என்று ஒருவர் சொன்னார். அந்த வரியைத்தான் நாற்பது நாளிலும் வந்த நல்ல வரி என்று வகுப்பு தெரிவு செய்தது.

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம்.

நன்றி வயிற்றை நிரப்புமா என்று கேட்கிறார்கள். நிரப்பாது. எமது பக்கத்துச் சபைகளில் இந்த வேலை செய்பவர்களில் எத்தனையோ பேர் நிரந்தரம் இல்லாமல், அமைய அடிப்படையில், நாட்கூலிக்கு வருடக்கணக்காக இருக்கிறார்கள். கையுறை கிடைப்பதும் கிடைக்காததும் அவரவர் அதிர்ஷ்டம். இந்த இடத்தில் ஒரு பிள்ளையின் சலாம் சம்பளத்துக்குப் பதிலாகாது. யூக்கலீஸ் மீதும் இதே கேள்வி விழும். 1975 இல் நியூயோர்க் நகரம் பணமின்றி வங்குரோத்தின் விளிம்புக்குப் போனது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான் அவர் கை கொடுத்தார், அவரால் ஒருவருக்கும் ஒரு சதம் கூட்டிக் கொடுக்க முடியவில்லை. அவர் அந்தத் திணைக்களத்துக்குள் வந்ததே ஒரு பகிடியால்தான். 1976 இல் அவர் வேறொரு கட்டடத்தின் 300 துப்புரவுத் தொழிலாளர்களோடு செய்த வேலையைப் பற்றி எழுதிய விமர்சகர் ஒருவர், துப்புரவுத் திணைக்களமும் தனது வேலையைக் கலை என்று சொல்லிக் கலைக்கான மானியத்தை வாங்கலாமே என்று நக்கலடித்தார். யூக்கலீஸ் அந்த நக்கலை வெட்டித் திணைக்களத்துக்கே அனுப்பிவைத்தார். அங்கிருந்து அழைப்பு வந்தது. 1977 முதல் சம்பளமில்லாமல் அந்தத் திணைக்களத்தின் கலைஞராக இருந்துவருகிறார். ஆள் எப்படிப்பட்டவர் என்று விளங்குகிறதல்லவா?

எமது எண்ணம் இதுதான். கையுறை கேட்டுச் சபைக்குப் போகவேண்டிய வேலை பெரியவர்களுடையது, பிள்ளைகளுடையது அல்ல. அந்த வேலையை நாம் இத்தனை வருடமாகச் செய்யாததற்கு நமக்கு நேரம் இல்லாதது காரணமல்ல. கால் வெட்டுப்பட்டது யாருடையது என்று நமக்குத் தெரியாது. இப்போது முப்பத்தியொரு வீடுகளுக்குத் தெரியும். சில வீடுகளில் உம்மாமார் உடைந்த கண்ணாடியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே "கண்ணாடி" என்று எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சின்னக் காரியம். ஆனால் காலுக்கு அது சின்னக் காரியம் இல்லை.

சாதாரண தரப் பரீட்சைக்கு இது உதவுமா என்று கேட்கிறார்கள். உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதுவார்கள், அதற்கான பாடத்தையும் படிப்பித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த வேலையைக் கண்காட்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டபோது மேலதிகாரி ஒருவர், பிளாஸ்டிக் போத்தலில் பூச்சாடி செய்து அனுப்புங்கள், அதுதான் சுற்றாடல் கருப்பொருளுக்குப் பொருத்தம் என்றார். போத்தலுக்கு நிறம் பூசினால் கலை, போத்தலை அள்ளுபவரோடு கதைத்தால் கலையில்லை. கண்ணாடிப் பெட்டிக் கதை ஞாபகம் வந்தது, சிரித்துக்கொண்டே வந்துவிட்டோம்.

மூன்றாவது எதிர்ப்பை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் அதுதான் உண்மையானது. "படிக்காட்டி குப்பை அள்ளத்தான் போவாய்." இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை எமது ஊரில் இருக்கிறதா? வீட்டில் சொல்கிறோம், டியூஷன் வகுப்பில் சொல்கிறார்கள், ஆசிரியர் ஓய்வறையிலும் நாங்கள் கேட்டிருக்கிறோம். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை முன்னேறவேண்டும் என்ற பயம்தான். ஆனால் வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளையின் வாப்பா அந்த வேலைதான் செய்கிறார் என்றால், அந்த வசனம் அந்தப் பிள்ளையின் காதில் எப்படி விழும்?

இது கற்பனையல்ல. கொப்பிகளில் ஒன்றில் முதலாம் நாளே எழுதப்பட்ட பெயர் அந்தப் பிள்ளையின் வாப்பாவுடையது. பாடசாலைப் படிவத்தில் "சபையில் வேலை" என்று மட்டும் இருந்தது. அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இதைக் குறிப்பிடுகிறோம், எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை என்று தயவுசெய்து தேடாதீர்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் விதிப்படி சலாம் சொல்லி, பெயர் கேட்டு, நன்றி சொன்னதாம். வாப்பா, "என்ன, எண்ட பேர் உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாராம். "தெரியும், விதி அப்படி" என்றதாம் பிள்ளை.

யூக்கலீஸிடம் தொழிலாளர்கள் கதைத்தவற்றில் ஒன்று இங்கே பொருந்தும். இரண்டு தொழிலாளர்கள் வெயிலில் களைத்து ஒரு வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரி வெளியே வந்து, நாறுகிறவர்களே எழும்பிப் போங்கள் என்ற விதமாக விரட்டியிருக்கிறாள். அவர்களில் ஒருவர் அதை யூக்கலீஸிடம் சொன்னபோது அது நடந்து 17 வருடம் ஆகியிருந்தது. 17 வருடமாக அது அவரது தொண்டையில் நின்றிருக்கிறது. யூக்கலீஸ் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1984 இல் நியூயோர்க்கில் ஒரு கலைக்கூடத்தின் வாசலில் அதே போன்ற படிக்கட்டை அமைத்து, தொழிலாளர்களைத் திட்டப் பயன்பட்ட சொற்களையெல்லாம் கண்ணாடியில் எழுதி, நகரத்தின் பல தரப்பட்ட ஆட்களையும் அழைத்து அந்தச் சொற்களைக் கழுவ வைத்தார்.

எமது மொழியிலும் அப்படிச் சொற்கள் இருக்கின்றன. ஒரு சாதிப் பெயரை அந்த வேலைக்கே பெயராக்கி, பிறகு அதையே ஏச்சாகவும் ஆக்கி வைத்திருக்கிறோம். சாதி இல்லை என்று மிம்பரில் சொல்லும் சமூகம் நாம், ஆனால் ஆத்திரம் வந்தால் அந்தச் சொல்தான் வாயில் முதலில் வருகிறது. அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டோம். எல்லோருக்கும் தெரியும்.

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டித் துப்புரவு செய்தவர் இறந்தபோது, சின்ன விடயம் என்று ஸஹாபாக்கள் நபி (ஸல்) அவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கிவிட்டார்கள். அவரைக் காணவில்லையே என்று நபியவர்கள் விசாரித்தார்கள், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார்கள், கப்று எங்கே என்று கேட்டுப் போய்த் தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள, நாம் எல்லோரும் கேட்ட சம்பவம். குத்பாவில் இதைச் சொல்லும்போது தலையாட்டுகிறோம். அந்தக் குத்பா நடக்கும் பள்ளிவாசலைக் கூட்டுபவர் இரண்டு நாள் வராவிட்டால், "எங்கே அவர்?" என்று கேட்பதா, "ஏன் இன்னும் கூட்டவில்லை?" என்று கேட்பதா எமது வழக்கம்?

பெயர் தெரியாமல் கடன்பட்டிருப்பது குப்பைக்கு மட்டுமல்ல. எமது ஜனாஸாக்களை எரித்த அந்த மாதங்களை ஒருவரும் மறந்திருக்கமாட்டோம். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க அனுமதி கிடைத்தது. கொரோனா பயத்தில் சொந்தப் பிள்ளைகள் கூட நெருங்க முடியாத காலத்தில், முஸ்லிம் என்றும் மற்றவர் என்றும் பாராமல் அங்கே குழி வெட்டி இறக்கியவர்கள் இருக்கிறார்கள். எத்தனை மாதம் துஆக் கேட்டு, அழுது, கையெழுத்து வைத்துப் போராடினோம்? வெட்டியவர்களில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? அடுத்த வருடம் இந்த வேலையைச் செய்யும் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

குப்பை எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாமல் இல்லை. மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். எமது மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று செத்துக்கிடந்த படங்களை 2022 இல் உலகமே பார்த்தது. யானைக்காக வருந்தினோம். அந்த மேட்டுக்கு வண்டியை ஓட்டிப் போகிறவர் வாரத்தில் இரண்டு நாள் எமது கேட்டுக்கு முன்னால் நிற்கிறார்.

நாற்பது நாள் சென்ற வியாழக்கிழமை முடிந்தது. கொப்பிகள் முப்பத்தியொன்றும் சித்திர அறையில் மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. சுவரில் ஒன்றுமில்லை. வருகிற கிழமை திங்கள் முதல் புதன் வரை, பாடசாலை விட்ட பிறகு 1.30 முதல் 3 மணி வரை பெற்றோரும் ஊரவர்களும் வந்து வாசிக்கலாம். கொப்பியில் உள்ளவர்களுக்கு, அவர்கள் வர விரும்பினால், ஞாயிறு காலை தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அவர்களுடைய பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறோம். உள்ளே வருபவர்கள் கைபேசியை அலுவலக மேசையில் வைத்துவிட்டு வரவேண்டும், அதிபரும் உட்பட. ஒரு கொப்பியில் பன்னிரண்டாம் நாள் பக்கத்தில் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கும். அதைப் பிழை என்று பிள்ளையிடம் சுட்டிக்காட்டவேண்டாம். அவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, பிள்ளை அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறது.